கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் மனம்விட்டுப் பேசிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

நான் கடவுள் மறுப்பாளன். இருபது வருடமாக எழுதுகிறேன். முதல் பத்து வருடம் எழுதியதெல்லாம் எதிராளியை மடக்குவதற்காகத்தான். அப்படி மடக்கி ஒருவரைக்கூட என் பக்கம் கொண்டுவந்ததாக நினைவில்லை.

என்னை மாற்றியது கோராவின் வாழ்க்கை. ஆந்திரத்துக்காரர், தாவரவியல் ஆசிரியர், நாத்திகக் கருத்துக்காகக் கல்லூரி வேலையை இழந்தவர். 1940-இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். அப்படிப்பட்டவர் 1944-இல் சேவாகிராமத்துக்குப் போய், தினமும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தும் காந்தியோடு பேச உட்கார்ந்தார். தீண்டாமையை ஒழிக்க நாத்திகம்தான் வழி என்பது அவர் வாதம். காந்தி அதை ஏற்கவில்லை. ஆனால் தன் ஆத்திகம் சரி, கோராவின் நாத்திகம் தவறு என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். காந்தி இறக்கும்வரை அந்த உறவு முறியவில்லை.

அதைப் படித்த பிறகு மாதம் ஒரு மாலை இரண்டு தரப்பையும் சேர்த்து உட்கார வைக்கிறேன். ஒரே ஒரு கட்டுப்பாடு: கடவுள் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கக் கூடாது. நீங்கள் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று மட்டும் கேட்கலாம்.

இரண்டாவது கூட்டத்திலேயே ஓர் அம்மா வந்தார். மகனைப் பறிகொடுத்தவர். "அவன் போன ராத்திரி விடிய விடிய சாமிகிட்ட சண்டை போட்டேன். சண்டை போடவாவது ஒருத்தர் இருந்தாரு" என்றார். எனக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. இரக்கமுள்ள கடவுள் ஏன் பறித்தார் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறேன்! அன்று கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்: "உங்க அம்மா போனப்ப நீங்க யார்கிட்டப்பா சண்டை போட்டீங்க?"

யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அம்மாவின் மருத்துவ அறிக்கைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பேசி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

*

நான் தொழுகையை விடாத தாய். பத்தொன்பது வயதில் என் மகள் "எனக்கு நம்பிக்கை போயிடுச்சும்மா" என்றாள். எங்கே தவறினேன் என்று என்னையே குத்திக்கொண்டிருந்தேன், ஒரு வருடத்துக்கும் மேலாக. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் தூரமாகப் போய்விடுவாளோ என்ற பயம்.

அப்புறம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். அவர் எந்த மதத்தையும் நம்பாதவர், ஆனால் என் தொழுகை நேரத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர். "கடவுள் இல்லாமல் இருக்க பயமாக இல்லையா?" என்றேன். "சில ராத்திரி பயமா இருக்கும். உங்களுக்கும் இருக்கும்ல?" என்றார். ஆமாம், எனக்கும் இருக்கும்.

அதே கேள்வியை வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். "உங்ககிட்ட சொன்னப்ப நீங்க அழுதீங்களே, அதுதான்மா பயம்" என்றாள். அவள் மாறவில்லை, நானும் மாறவில்லை. இப்போது நான் தொழ நின்றால் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். அந்தக் கதவு சத்தம் வராமல் மூடுவது என் காதில் விழுகிறது, அது எப்படி என்று கேட்காதீர்கள்.

*

இரண்டையும் படித்தேன், நெகிழ்ந்தேன். ஆனாலும் எனக்கு இதில் ஒப்புதல் இல்லாத இடம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன்.

நானும் மனைவியும் வேறு வேறு சாதி. வீட்டார் ஆசைக்காக ஒரு வழிபாட்டுத் தலத்தில் திருமணம் வைக்கக் கேட்டோம். நிர்வாகத்தினர் முகத்துக்கு நேராகவே மறுத்தார்கள். நான் நாத்திகனானது புத்தகம் படித்து அல்ல, அந்த வாசலில் நின்றுதான். பதிவுத் திருமணத்துக்கு உறவுக்காரர் ஒருவரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் காலையும் மாலையும் பூஜை செய்கிற பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருக்கு என் உயிர் உள்ளவரை கடன்பட்டிருக்கிறேன். அதற்காக அந்த வாசலை மறந்துவிட்டு உட்கார்ந்து பேசு என்றால் முடியாது.

*

மறக்கச் சொல்லவே மாட்டேன். கோராவும் மறக்கவில்லை. தன் மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணமுடித்தார். அந்தத் திருமணத்தைத் தானே நடத்திவைக்க காந்தி சம்மதித்தார், கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரைச் சொல்லவும் சம்மதித்தார். நடத்திவைக்க அவர் உயிரோடு இல்லை. 1948 மார்ச்சில், அதே சேவாகிராமத்தில் திருமணம் நடந்தது. சாதியைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் பேசவில்லை. பேச்சே அதைப் பற்றித்தான். இங்கே சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் அப்படித்தான். எதிரெதிர் மேடை, சாதிக் கொடுமையில் ஒரே கோபம், கடைசிவரை மரியாதை.

எங்கள் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், அந்த வாசலைப் பற்றியே பேசுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் கேட்கட்டும். முடிந்தால் அந்தப் பெரியவரையும் கூட்டி வாருங்கள். அன்று கையெழுத்துப் போட அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று அவர் வாயால் கேட்க ஆசை.