மாலிப் பேரரசில் இஸ்லாம்: வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

வகுப்பறை (கேள்வி):
பதினொன்றாம் வகுப்புக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசின் வரைபடம் ஒன்று தயாரிக்கிறேன். கிடைக்கிற படங்களில் எல்லாம் பேரரசு முழுவதற்கும் ஒரே பச்சை அடித்து ‘இஸ்லாமியப் பேரரசு’ என்று போட்டிருக்கிறார்கள். 1076இல் அல்முராவித்துகள் (வடமேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் அரசமரபினர்) படையெடுத்து மதம் மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பு, மாலி மன்னர் மன்சா மூசா 1324இல் ஹஜ் போய் வந்த பிறகுதான் பரவியது என்று இன்னொரு குறிப்பு. எதை எடுத்துக்கொள்வது? கிராமத்து உழவர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா?

ஒட்டகப்பாதை:
இரண்டையும் விட்டுவிடுங்கள் சார். 1076 கதை மாலிக்கு முன்பிருந்த கானா அரசைப் பற்றியது (இன்றைய கானா நாடு அல்ல). அதுவே நடந்ததா என்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். சுந்தியாத்தா மாலியை நிறுவியது ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1235 வாக்கில். ஹஜ் போனதிலும் மூசா முதல் ஆள் இல்லை. அவருக்கு முன்பே போய்வந்த மாலி அரசர்களை வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

இஸ்லாத்தோடு முதலில் வந்தவர்கள் வியாபாரிகள். 1068இல் புவியியலாளர் அல்பக்ரி எழுதியபடி, கானாவின் தலைநகர் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று முஸ்லிம்களுடையது: 12 பள்ளிவாசல்கள், சம்பளம் வாங்கும் இமாம்கள். ஆறு மைல் தள்ளி அரசர் ஊர், அதைச் சுற்றிக் கோயில்காடுகள். அரசர் முஸ்லிம் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள், கருவூலப் பொறுப்பாளர், அமைச்சர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரபு எழுத்தும் கணக்கும் அவர்கள் கையில் இருந்ததுதான் காரணம். மதம் மாறாமலே ஓர் அரசு இஸ்லாத்தால் எவ்வளவு பயன்பெற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நைஜர்க்கரை:
உள்ளூர் வியாபாரி ஏன் இஸ்லாத்துக்கு மாறினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சஹாராவுக்கு அந்தப் பக்கத்து ஆளிடம் கடனுக்குச் சரக்கு வாங்க வேண்டுமென்றால், வழக்கு வந்தால் யார் தீர்ப்பது என்ற கேள்வி உடனே எழும். இருவருக்கும் ஒரே மாலிகி சட்டம் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று), ஒரே காழி (நீதிபதி) என்றால் நம்பிக் கொடுக்கலாம்.

மதுரை சுல்தானிடம் வந்து தங்கிப்போன அதே பயணி இப்னு பதூதா 1352–53இல் மாலியில் இருந்தார். ஒரு ஜும்ஆ நாளில் அவர் கண்ணெதிரே அபூ ஹஃப்ஸ் என்ற வியாபாரி பள்ளிவாசலில் எழுந்து நின்று, மன்னர் சுலைமான் மீதே இறைத்தூதரிடம் முறையிடுவதாகச் சபையைச் சாட்சிக்கு அழைத்தார். வலாத்தா நகர அதிகாரி 600 மித்கால் (தங்க எடை அளவு) பெறுமான சரக்கை எடுத்துக்கொண்டு 100 மித்கால்தான் தருகிறார் என்பது புகார். சுலைமான் அந்த அதிகாரியை வரவழைத்து, இருவரையும் காழியிடம் அனுப்பினார். வியாபாரிக்குப் பணம் கிடைத்தது. அதிகாரியின் பதவி போனது. செய்தி பாலைவனம் தாண்டிப் போனால் அடுத்த வணிகக் கூட்டமும் துணிந்து வரும் அல்லவா?

ஒட்டகப்பாதை:
கிராமத்துக்கு வருகிறேன். அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது மிக மெதுவாகத்தான் போனது. உழவருக்கு மழையும் மண்ணும் சார்ந்த சடங்குகள் இருந்தன. நெடுந்தூரக் கடனுக்கான காழி அவருக்குத் தேவைப்படவில்லை.

தங்கச் சுரங்கப் பகுதியில் நடந்தது இன்னும் முக்கியம். ஒரு தங்க ஊரைப் பிடித்து, அங்கே பாங்கு ஒலிக்கத் தொடங்கினால் தங்கம் குறைந்துபோய், பக்கத்து ஊர்களில் கூடுகிறது என்று மாலி அரசர்கள் அனுபவத்தில் கண்டதாக 14ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல்உமரி எழுதியிருக்கிறார். அதனால் அந்த மக்களை அவர்கள் போக்கில் விட்டு, கப்பம் மட்டும் வாங்கினார்கள். சுரங்கத்தவர் தங்கள் வழக்கத்தில் கைவைத்தால் வேலையை விட்டு நகர்ந்துவிடுவார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எனவே படத்தில் பம்புக், பூரே என்ற தங்கப் பகுதிகள் இரண்டுக்கும் பச்சை அடிக்காதீர்கள்.

வகுப்பறை:
மிக்க நன்றி. அப்படியானால் அரசவையையாவது முழுப் பச்சையாகக் காட்டலாமா?

நைஜர்க்கரை:
அங்கேயும் இஸ்லாமும் பழைய வழக்கமும் கலந்தே இருந்தன என்று இப்னு பதூதா எழுதியதிலிருந்து தெரிகிறது. ஜும்ஆவுக்கு நேரத்தோடு போகாவிட்டால் இடம் கிடைக்காது என்பதால், இடம் பிடிக்கப் பையன்களிடம் பாய் கொடுத்து அனுப்புவார்களாம். குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கு பூட்டுவார்களாம். அதே ஊரில் பெருநாள் அன்று பாணர்கள் இறகு உடுப்புக்குள் புகுந்து, சிவப்பு அலகு வைத்த மரத்தலை மாட்டி, மன்னர் முன்னால் முன்னோர் புகழ் பாடினார்கள். மன்னரிடம் பேசப் போகிறவர் தன் தலையில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டார். இப்னு பதூதாவுக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் மன்னருக்கு இரண்டும் தேவைப்பட்டன: வியாபாரிகள் முன் ஹாஜிகளின் வாரிசு, மாண்டிங்கா குலங்கள் முன் சுந்தியாத்தாவின் வாரிசு.

படத்துக்கு என் யோசனை: பரப்பாக வண்ணம் அடிக்காமல், சிஜில்மாசா, தகாஸா உப்புச் சுரங்கம், வலாத்தா, திம்புக்து, காவோ, ஜென்னே என்று ஊர்களைப் புள்ளியாக வைத்து, வணிகப் பாதைகளைக் கோடாக இழுங்கள். திம்புக்துவில் ஜிங்கரேபர் பள்ளிவாசலுக்கு 1320கள் என்று போடலாம். ஆனால் ‘கல்வி நகரம்’ என்ற குறிப்பை மூசா காலத்தில் ஒட்டிவிடாதீர்கள். அதன் உச்சம் 16ஆம் நூற்றாண்டு, மாலிக்குப் பின் வந்த சொங்காய் ஆட்சியில். அதற்குத் தனிப் படம் வேண்டும்.