ஓடையும் அதோட நீர்ப்பிடிப்பு பகுதியும் நல்லாருக்கான்னு பாக்க எந்த இண்டிகேட்டர் எடுக்கறது? எங்க லிஸ்ட்ல 43 இருக்கு

கூழாங்கல்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க 11 பேர் சேர்ந்த ஒரு சின்ன குழு, ஒரு ஓடையையும் அதுக்கு தண்ணி வந்து சேர்ற மொத்த நிலப்பரப்பையும் வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சு பதிவு பண்ணணும்னு இறங்கியிருக்கோம். மேல காடு, நடுவுல விவசாய நிலம், கீழ வர வர வீடுங்க. எதை அளக்கறதுன்னு பேச ஆரம்பிச்சு ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல எக்ஸெல் ஷீட்ல இப்ப 43 வரி ஆகிடுச்சு: பிஹெச், கலங்கல், நைட்ரேட், கரைஞ்ச ஆக்ஸிஜன், மீன் வகை, பறவை எண்ணிக்கை, மண் அரிப்பு, காட்டுப் பரப்பு, நட்ட மரக்கன்னு எண்ணிக்கைன்னு போய்க்கிட்டே இருக்கு. மாசத்துக்கு 2 நாள் தான் எங்களால ஒதுக்க முடியும், கையில இருக்கறது தண்ணில பல விஷயத்தை அளக்கற ஒரு மல்டி மீட்டரும் கொஞ்சம் வலையும். இதுல பாதிப் பேர் என்ன கேக்கறாங்கன்னா கடைசில 100க்கு இவ்ளோன்னு ஒரே ஒரு மார்க் வந்தா தான் ஊர்ல சொல்ல வசதின்னு. அது சரியா? 43ஐ எப்படி குறைக்கறது? பண்ணி அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, ஆரம்பத்துலயே தப்பா பிடிச்சுட்டா அஞ்சு வருஷம் வீணாகிடும்னு பயமா இருக்கு.

வரப்புமேடு:

வணக்கம்ங்க. 43ல எதை வெட்டறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு காலம், அதாவது மேலேர்ந்து கீழ ஒரு கட்ட வரிசை, போட்டு "இந்த நம்பர் மாறினா யாரு என்ன பண்ணுவாங்க"ன்னு எழுதிப் பாருங்க. அந்தக் கட்டம் காலியா நிக்கற வரியெல்லாம் தானா விழுந்துடும், எங்க லிஸ்ட் இப்படித்தான் பாதிக்கும் கீழ வந்துச்சு.

அடுத்தது, உங்க ஷீட்ல மூணு வேற வேற சாமான் ஒண்ணா கலந்து கிடக்கு. ஓஈசிடிங்கற பல நாடுங்க சேர்ந்த பொருளாதார அமைப்பு 1993ல அழுத்தம், நிலை, எதிர்வினைன்னு மூணா பிரிச்சு ஒரு அமைப்பு கொடுத்தாங்க, ஐரோப்பாவுல அப்புறம் அதை இன்னும் நீட்டினாங்க, ஆனா உங்களுக்கு இந்த மூணே போதும். நிலத்துல போடற உரம், கரைய மிதிக்கற மாடு, சிமெண்ட் தளம் இதெல்லாம் அழுத்தம். தண்ணில நைட்ரேட் எவ்ளோ, அடியில என்ன பூச்சி இருக்குங்கறது நிலை. கரையோரம் எத்தனை மீட்டர் வேலி போட்டோம், எத்தனை கன்னு நட்டோம்ங்கறது எதிர்வினை. நட்ட கன்னு எண்ணிக்கைய ஆரோக்கியத்துக்கான அளவா வெச்சுடாதீங்க, தயவு செஞ்சு. அது நீங்க எவ்ளோ உழைச்சீங்கன்னு சொல்லும், ஓடைக்கு ஏதாச்சும் நல்லது நடந்துச்சான்னு சொல்லாது. மூணு வருஷம் கழிச்சு எத்தனை கன்னு உயிரோட நிக்குது, அதோட நிழல் தண்ணில எவ்ளோ விழுதுன்னு பாருங்க, அது அளவு. ஒவ்வொரு வகையிலயும் ரெண்டு மூணு வெச்சுக்கிட்டு அதுங்க ஒண்ணுக்கொண்ணு கோர்வையா இருக்கான்னு பாத்துக்கோங்க. கரைய மாடு மிதிக்கறது அழுத்தம்னா கலங்கல் நிலை, வேலி எதிர்வினை, இந்த மாதிரி ஒரே கதையா வரணும்.

தும்பிவால்:

கூழாங்கல், உங்க கிட்ட வலை இருக்குன்னு சொன்னதைப் படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. 43ல ஒண்ணே ஒண்ணு தான் வெச்சுக்கலாம்னு சொன்னா நான் ஓடை அடியில வாழற பூச்சிங்களத் தான் சொல்வேன். தண்ணி சாம்பிள் எடுத்தா அந்த நிமிஷத்துல என்ன ஓடுச்சோ அது தான் தெரியும், முந்தாநாள் ராத்திரி யாராச்சும் கழிவைத் தொறந்து விட்டிருந்தா அது எப்பவோ கீழ போயிருக்கும். ஆனா கல்லுக்கு அடியில மாசக்கணக்கா உக்காந்திருக்கற பூச்சிக்கு எங்கயும் ஓட முடியாது, நடந்ததையெல்லாம் அது உடம்புல வாங்கியிருக்கும், தாங்க முடியாதது காணாமப் போயிருக்கும்.

முறை ரொம்ப எளிசு. அரை மில்லிமீட்டர் கண்ணு வலைய நீரோட்டத்துக்கு எதிரா புடிச்சுக்கிட்டு முன்னாடி இருக்கற கல்லையும் மணலையும் காலால கிளறணும், கணக்கா 3 நிமிஷம், எல்லா இடத்துலயும் அதே 3 நிமிஷம். வெள்ளைத் தட்டுல கொட்டிப் பாருங்க. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இந்த மூணு கூட்டத்தோட குஞ்சுங்க நிறைய வகையில இருந்தா ஆக்ஸிஜன் நல்லாருக்கு, அழுக்கு கம்மின்னு அர்த்தம். அதுங்க போயி வெறும் செம்புழுவும் கொசு மாதிரியே இருக்கற, ஆனா கடிக்காத பூச்சியோட சிவப்பா நெளியற புழுவும் மட்டும் இருந்தா நிலைமை மோசம். அந்த சிவப்பு ஏன்னா அதோட உடம்புல ஹீமோகுளோபின் இருக்கு, ஆக்ஸிஜன் குறைஞ்ச சேத்துலயும் தாக்குப் பிடிக்கும். இனம் வரைக்கும் கண்டுபிடிக்கத் தெரியணும்னு பயப்பட வேண்டாம், குடும்ப அளவுல போதும். பிரிட்டன்ல 1980ல வந்த பிஎம்டபிள்யூபி முறைல ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1லேர்ந்து 10 வரைக்கும் மார்க், ரொம்ப சென்சிடிவ்வானதுக்கு 10, மண்புழு இனத்துக்கு 1. மொத்தத்தைக் கூட்டி, மார்க் வாங்கின குடும்பங்களோட எண்ணிக்கையால வகுத்தா ஒரு சராசரி வரும், ரெண்டு பேர் வேற வேற அளவு உழைச்சு எடுத்திருந்தாலும் அந்த சராசரி ரொம்ப ஆடாது, அதனால எனக்கு அது தான் பிடிக்கும். ஆனா அந்த மார்க் பட்டியல் அந்த ஊர் பூச்சிக்குப் போட்டது, அப்படியே தூக்கிட்டு வராம உங்க பகுதிக்கு திருத்தினது இருக்கான்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை. வெயில் காலத்துல வத்திப் போற ஓடைல மார்க் இயல்பாவே குறையும், வெறும் மணல் படுகைலயும் குறையும். அதை அசுத்தம்னு எழுதிடாதீங்க.

மதகுக்காரன்:

பூச்சி விஷயத்துல தும்பிவால் சொன்னது அப்படியே சரி. நான் மீட்டர் பக்கம் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இங்க தான் நாங்க அடிபட்டோம்.

எங்க குழு ரெண்டு வருஷம் கரைஞ்ச ஆக்ஸிஜன் அளந்தோம், ஒவ்வொரு தடவையும் 11 மணி வாக்குல, ஏன்னா அப்பத் தான் எல்லாரும் வந்து சேர முடியும். நம்பர் எப்பவும் அருமையா இருந்துச்சு, ரிப்போர்ட்ல "நல்ல நிலை"ன்னே எழுதினோம். அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல மீன் செத்து மிதந்துச்சு. காரணம் இது தான், பகல்ல பாசி ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்ஸிஜனைக் கொட்டும், ராத்திரி பூரா அதே பாசியும் மத்ததும் சேர்ந்து மூச்சு விட்டு அதைத் தின்னு தீர்க்கும், விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் அடிமட்டம். அந்த நேரத்துல நாங்க ஒரு நாள் கூட ஓடைப் பக்கம் போனதில்ல. 25 டிகிரில நல்ல தண்ணி முழுசா நிறைஞ்சா லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் தான் புடிக்கும், பகல்ல அதைத் தாண்டி எகிறிக்கிட்டிருந்தா சந்தோஷப்படாதீங்க, பாசி அதிகம்னு சந்தேகப்படுங்க. 5க்கு கீழ போனா நிறைய மீனுக்கு கஷ்டம், 2க்கு கீழ பெரும்பாலானது தாங்காது. அதனால விடியக்காலை அளவு ஒண்ணு, மதியம் ஒண்ணு, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு இண்டிகேட்டர் தான்.

இன்னொண்ணு, தண்ணி எவ்ளோ ஓடுதுன்னு அளக்காம வேற எதை அளந்தாலும் பாதிக் கதை தான் கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடறேன். சாதாரண நாள்ல செகண்டுக்கு 100 லிட்டர் ஓடுது, மண் லிட்டருக்கு 10 மில்லிகிராம்னு வெச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 86 கிலோ மண் போகும். ஒரு பெருமழைல செகண்டுக்கு 2000 லிட்டர், மண் 1000 மில்லிகிராம்னு ஏறினா ஒரே மணி நேரத்துல 7,200 கிலோ. அதாவது 83 நாள்ல போறது ஒரு மணி நேரத்துல போயிடுச்சு! மாசம் 2 நாள் வெயில் நேரத்துல போயி சாம்பிள் எடுக்கற குழுவுக்கு இது கண்ணுலயே படாது. பாஸ்பரஸும் பெரும்பாலும் மண்ணோட ஒட்டிக்கிட்டு தான் போகும், அதனால அதுக்கும் இதே நிலைமை. நைட்ரேட் அப்படி இல்ல, கரைஞ்சு நிலத்தடி வழியா மெதுவா வரும், இன்னிக்கு உரத்தைக் குறைச்சா ஓடைல குறையறதுக்கு பல வருஷம் ஆகலாம், சில இடத்துல பத்து இருபது வருஷம் கூட. இதை முன்கூட்டியே எல்லார் கிட்டயும் சொல்லி வைங்க, இல்லன்னா மூணாவது வருஷம் "ஒண்ணும் மாறல"ன்னு விட்டுட்டு போயிடுவாங்க. உங்க ரெண்டு நாள்ல ஒரு நாளையாவது மழைக்கு ஒதுக்கி வெச்சுக்கோங்க. ஓரமா நின்னு எடுங்க, வெள்ளத்துல யாரும் இறங்க வேண்டாம்.

கூழாங்கல்:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். "யாரு என்ன பண்ணுவாங்க" காலம் போட்டுப் பாத்தோம், 43 இப்ப 16 ஆகிடுச்சு, பறவை எண்ணிக்கைய எடுக்க மனசு வரல, ஆனா யாரும் அதுக்கு பதில் எழுதல. நாங்களும் எப்பவும் காலை 10 மணிக்கு தான் போறோம், மதகுக்காரன் எழுதினதைப் படிச்சு குழுல எல்லாரும் அமைதியாகிட்டாங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். அந்த ஒரே மார்க் விஷயம். அப்புறம் மேல இருக்கற காட்டையும் நிலத்தையும் எப்படி அளக்கறது, நடந்தே பாக்க முடியாத அளவு பெருசு.

ஈரமண்:

ஒரே மார்க் பத்தி நான் சொல்றேன். அமெரிக்காவுல 1970ல வந்த தண்ணித் தரக் குறியீடு ரொம்பப் பிரபலம், 9 அளவு, நிபுணர்களக் கேட்டு ஒவ்வொண்ணுக்கும் எடை போட்டாங்க, கரைஞ்ச ஆக்ஸிஜனுக்கு 0.17, மலக்கிருமிக்கு 0.16ன்னு. சொல்றதுக்கு வசதி தான். ஆனா ஒண்ணு ரொம்ப மோசமா இருந்தாலும் மத்த எட்டும் நல்லா இருந்தா சராசரில அது முங்கிடும். மீன் கிட்ட போயி உன் சராசரி 78ன்னு சொல்ல முடியாது, ஆக்ஸிஜன் போச்சுன்னா அது செத்துடும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ல கொண்டு வந்த தண்ணிச் சட்டத்துல இதுக்கு நேரெதிரா, உயிரினம், வேதியல்னு வகை வகையா பாத்து எது மோசமோ அது தான் மொத்த நிலைன்னு வெச்சாங்க. அதுலயும் ஒரு சிக்கல், ஒம்போது தேறினாலும் ஒண்ணுக்காக ஃபெயில், முன்னேற்றம் வெளிய தெரியாது. ஊருக்கு மார்க் கண்டிப்பா வேணும்னா கொடுங்க, ஆனா அது பக்கத்துலயே எது ரொம்ப மோசம்ங்கறதையும் அதே பெரிய எழுத்துல போடுங்க.

மார்க்குக்கு முன்னாடி "எதோட ஒப்பிட்டு"ங்கற கேள்வி இருக்கு. ஜேம்ஸ் கார்ங்கற அமெரிக்க உயிரியல் ஆராய்ச்சியாளர் 1981ல மீன்களை வெச்சு ஒரு குறியீடு உருவாக்கினாரு, 12 அளவு, ஒவ்வொண்ணுக்கும் 5, 3, 1னு மார்க், அதே பகுதில அதிகம் கை படாத ஓடைல என்ன இருக்கணுமோ அதுக்கு எவ்ளோ கிட்ட இருக்குங்கறத வெச்சு. உங்க காட்டுக்குள்ள அந்த மாதிரி ஒரு இடத்தை இப்பவே தேர்ந்தெடுத்து அங்கயும் அதே நாள்ல அளங்க. மழை குறைஞ்ச வருஷம் உங்க ஓடைல பூச்சி குறைஞ்சா, அங்கயும் குறைஞ்சிருக்கான்னு பாத்தா தான் காரணம் மழையா மனுஷனான்னு பிரிக்க முடியும்.

நிலத்துக்கு சாட்டிலைட் படம் போதும். சென்டினல் 2 இலவசம், 10 மீட்டர் துல்லியம், லேண்ட்சாட் 2008லேர்ந்து இலவசம், 30 மீட்டர் படம் 1982 வரைக்கும் பின்னாடி போகும், அதனால நீங்க ஆரம்பிக்கறதுக்கு 40 வருஷம் முன்னாடி இருந்தே உங்க மேட்டு நிலம் எப்படி மாறுச்சுன்னு பாக்கலாம். காட்டுப் பரப்பு, ஓடையோட ரெண்டு பக்கமும் 30 மீட்டருக்குள்ள செடி கொடி எவ்ளோ, தண்ணி இறங்காத தளம் எத்தனை சதவீதம், இந்த மூணும் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதும். தளம் 10 சதவீதத்தைத் தாண்டும்போதே ஓடை கெட ஆரம்பிச்சிடும்னு 1990கள்லயே எழுதினாங்க. மேல நடக்கறது கீழ தண்ணில வரும்ங்கறதுக்கு அமெரிக்காவுல இருக்கற ஹப்பர்ட் புரூக் ஆராய்ச்சிக் காடு தான் பெரிய ஆதாரம், அங்க 1965ல ஒரு சின்ன நீர்ப்பிடிப்பு பகுதில மரத்தையெல்லாம் வெட்டி திரும்ப முளைக்கவும் விடாம வெச்சாங்க, வெட்டாத பக்கத்துப் பகுதியோட ஒப்பிட்டா ஓடைல நைட்ரேட் பல மடங்கு ஏறிடுச்சு.

வரப்புமேடு:

ஈரமண் சொன்ன ஒப்பீட்டு இடம் ரொம்ப முக்கியம், நான் சொல்ல மறந்துட்டேன். 16ஐயும் இன்னும் குறைக்கலாம்ங்க. பறவைய விட வேண்டாம், யாருக்கு ஆசையோ அவங்க தனியா எண்ணட்டும், அந்த ஆசைல தான் நிறைய பேர் பத்து வருஷம் தொடர்ந்து வருவாங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா பண்ணுங்க, எந்த மீட்டர், எந்தக் கல்லு பக்கம், எத்தனை மணி, எத்தனை நிமிஷம், யாரு எடுத்தாங்கன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. நடுவுல ஆளோ மீட்டரோ மாறினா ஒரு ரெண்டு மாசம் பழசும் புதுசும் சேர்த்தே அளங்க, இல்லன்னா வர்ற மாற்றம் ஓடையோடதா மீட்டரோடதான்னு யாராலயும் சொல்ல முடியாது.

கூழாங்கல்:

9ல நிறுத்திட்டோம். நீரோட்டம், விடியக்காலை மதிய ஆக்ஸிஜன், வெப்பம், மழை நேரத்துக் கலங்கல், நைட்ரேட், பூச்சி, கரையோரச் செடி, காட்டுப் பரப்பு, தளத்தோட சதவீதம். மார்க் கிடையாது, மோசமானது எதுன்னு மேல, மத்தது கீழன்னு ஒரு பக்கம் போடலாம்னு கூட்டத்துல ஒத்துக்கிட்டாங்க. காட்டுக்குள்ள ஒப்பீட்டு இடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம், தும்பிவால் கேட்டீங்கன்னா அங்க கல்லு படுகை, எங்க கீழ் இடத்துல மணல், அதனால நடுவுல கல்லு இருக்கற இன்னொரு இடமும் சேர்த்துருக்கோம். இந்த ஞாயித்துக்கிழமை 5 மணிக்கு டார்ச்சோட மீட்டர் எடுத்துக்கிட்டு நாலு பேர் போறோம். என்ன வருதுன்னு வந்து எழுதறேன்.