விவாதம்: அங்கன்வாடிப் பணியாளர் எண்ணிக்கையும் குழந்தைகள் சேர்க்கையும் – நாட்டளவிலான கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?

நொய்யல்கரை:

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம், இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்திருக்கிறது. ஒன்றிய அரசு தரும் கணக்கில் மையங்களின் எண்ணிக்கையை ஒட்டியே பணியாளர்களின் எண்ணிக்கையும் இருக்கிறது. மையங்களின் அன்றாடப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் 2024இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ எட்டரைக் கோடிக் குழந்தைகள் பதிவாகியிருந்தார்கள். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், மையமும் ஆளும் குழந்தைகளும் இருக்கும்போது என்ன குறை என்றுதான் கேட்பார்.

எட்டரைக் கோடியை 14 லட்சத்தால் வகுத்தால் ஒரு பணியாளருக்கு 60 குழந்தைகள் வருகிறார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டிய தர வரையறையோ, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவரும், அதற்குக் குறைந்த வயதுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவரும் வேண்டும் என்கிறது. மையத்துக்கு ஒரு பணியாளர் என்று விதித்துவிட்டு, மையத்துக்கு ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், குழந்தைகளுக்குப் போதுமான ஆள் இருக்கிறார்களா என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் நுழையவே முடியாது. என் பேத்தி பால்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இந்தக் கணக்கு, தான் அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்பதே என் கருத்து.

எண்சுவடி:

நொய்யல்கரை ஐயாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவருடைய வகுத்தலை ஏற்க முடியவில்லை. எட்டரைக் கோடியில் கணிசமானோர் மூன்று வயதுக்கும் குறைந்தவர்கள். அவர்கள் மையத்தில் வந்து அமர்வதில்லை. சத்துமாவை வீட்டுக்கு வாங்கிச் செல்லவும், எடை பார்க்கவும், தடுப்பூசி நாளுக்காகவும்தான் தாய்மார்கள் அவர்களைத் தூக்கி வருகிறார்கள். அவர்களையும் சேர்த்து 60 என்று காட்டி, வகுப்பறைக்கான 20 என்ற வரையறையோடு ஒப்பிடுவது, தாங்கள் குறை சொல்லும் கணக்கைவிடத் தவறான கணக்கு.

புள்ளிவிவரத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய மாதாந்தர அறிக்கை முறையில் மையத்திலிருந்து மேற்பார்வையாளர், வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று தாள் ஏறிப் போகும். தில்லியை அடையும்போது அது கூட்டுத்தொகையாகிவிட்டிருக்கும். எந்த மையத்தில் குறை என்று யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. 2012-13ஆம் ஆண்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த மையங்களில் 61 விழுக்காட்டுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை என்றும், துணை உணவு பெறத் தகுதியுள்ளவர்களுக்கும் உண்மையில் பெற்றவர்களுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடைவெளி இருந்தது என்றும் சொன்னது. அதைக் கண்டறியத் தணிக்கையாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் இன்று மையம் மையமாகக் காட்டுகிறது.

எண்ணிக்கை வெறும் எண்ணிக்கைதானே என்று ஒதுக்கவும் கூடாது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 2008 டிசம்பருக்குள் குறைந்தது 14 லட்சம் மையங்கள் இயங்க வேண்டும் என்று ஆணையிட்டதே, 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்ற விதியும் அதை வைத்துப் போட்ட கணக்கும் இருந்ததால்தான். கணக்கு இல்லாதிருந்தால் அந்த ஆணைக்குப் பிடிமானமே இருந்திருக்காது.

பால்வாடி டீச்சர்:

நான் தென் மாவட்டம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக 19 ஆண்டுகளாக இருக்கிறேன். இருவரும் சொல்வதில் எங்கள் நாள் எப்படிப் போகிறது என்பது வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

என் மையத்தில் மூன்று வயதுக்கு மேல் 23 பேர் பதிவில் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு 14 அல்லது 15 பேர் வருகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு மையத்தின் டீச்சர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதையும் கூடுதல் பொறுப்பாக நான்தான் பார்க்கிறேன். அங்கே காலையில் உதவியாளர் அம்மா கதவைத் திறந்து, பெருக்கி, சமைத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். நான் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போனால், அந்த இரண்டு நாளும் என் மையத்தில் உதவியாளர் தனியாக இருக்கிறார். செயலியில் இரண்டு மையங்களும் திறந்திருக்கின்றன. இரண்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் பொறுப்பாளர் பெயர் இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அங்குள்ள 17 பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்பதை எழுத அந்தச் செயலியில் நான் பார்த்தவரை இடமில்லை.

வாக்காளர் பட்டியல் வேலை, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, கர்ப்பிணிகளைப் பார்ப்பது எல்லாம் வகுப்பு நேரத்திலிருந்துதான் போகின்றன. எண்சுவடி ஐயா, மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் மையத்துக்கு வருவதில்லை என்பது சரிதான். ஆனால் அவர்களைத் தேடி நாங்கள் போகிறோம்; அந்த நேரமும் எங்கள் நேரம்தான்.

எண்சுவடி:

டீச்சர், கூடுதல் பொறுப்பைப் பற்றித் தாங்கள் எழுதியது என் வாதத்தின் ஒரு பக்கத்தைப் பலவீனப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலியிடமே தெரியாமல் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் உள்ளன. அவற்றில் 4,940 குறு மையங்கள். 2025இல் மாநில அரசு 7,783 பணியிடங்களை நிரப்ப அனுமதி தந்தது: பணியாளர்கள் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர்கள் 305, உதவியாளர்கள் 3,592. காலியிடம் எண்ணப்பட்டிருந்ததால்தான் இவ்வளவு நுட்பமாக அறிவிக்க முடிந்தது.

நொய்யல்கரை:

தாங்கள் தந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். பணியாளர் இடங்கள் மட்டும் 3,886உம் 305உமாக 4,191. அதை 54,439 மையங்களோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 13 மையங்களுக்கு ஒன்றில் பணியாளர் இல்லை. சத்துணவுக்கும் பால்வாடிக்கும் நீண்ட மரபுள்ள, 1982இலேயே முன்பருவக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்ட மாநிலத்திலேயே இந்த நிலை. நாட்டின் சராசரியில் கரைந்துவிட்டால் இது கண்ணுக்குத் தெரியாத சிறு விழுக்காடு. டீச்சர் சொன்ன மையத்தைப் போல அந்த 4,191 இடங்களுக்கும் பக்கத்து மையத்துப் பணியாளர்தான் பொறுப்பு என்றால், பாதிக்கப்பட்டவை அவற்றைப் போல் இரு மடங்கு மையங்கள். காலியிட விழுக்காடு காட்டுவது பாதிப்பின் பாதியைத்தான்.

ஆள் பற்றாக்குறை ஏன் இவ்வளவு எளிதாகக் கணக்கிலிருந்து நழுவுகிறது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சட்டத்தின் பார்வையில் இவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். மதிப்பூதியத்தில் தொண்டு செய்பவர்கள். கர்நாடக வழக்கொன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம், இது அரசுப் பதவி ஆகாது என்றது. 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசின் மதிப்பூதியக் கணக்கு பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று நிற்கிறது. மாநிலங்கள் தத்தம் வசதிப்படி அதற்கு மேல் சேர்க்கின்றன. 2022 ஏப்ரலில்தான் அதே நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. தொண்டு என்று பெயரிட்ட வேலைக்கு மணிக்கணக்கு வைக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் குழந்தைக்கு வேண்டியது அந்த மணிகள்தாம்.

கீழவாசல்:

மூவரும் பணியாளர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். சேர்க்கையைப் பற்றி ஒரு தாயாக எனக்கு வேறு கருத்து உண்டு. ஆள் போட்டால் குழந்தைகள் வந்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் மையமும் இருக்கிறது, அன்பான டீச்சரும் இருக்கிறார். இருந்தும் நான்கு வயதானதும் பெரும்பாலோர் எல்கேஜிக்கு மாற்றிவிடுகிறோம். நானும் மாற்றினேன். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும், ஆங்கில எழுத்து தெரிய வேண்டும் என்ற அச்சம்தான் காரணம். 2019இல் தமிழக அரசே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி வகுப்புகளைத் தொடங்கியதும் இதை உணர்ந்துதான். இன்னொரு காரணம் நேரம். நான் வேலையிலிருந்து திரும்ப மாலை ஆறு மணி ஆகும். மையமோ பிற்பகலிலேயே மூடிவிடும்.

எனக்குப் புரியாத ஒன்றையும் கேட்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 2019-20 பள்ளியாண்டில் ஐந்து வயதுக் குழந்தைகளில் முன்பருவப் பள்ளிக்குப் போனவர்கள் 13.6 விழுக்காடு என்றிருக்கிறது. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கையிலோ 2018இலேயே கிராமப்புறத்து ஐந்து வயதுக் குழந்தைகளில் 58.5 விழுக்காட்டினர் முன்பருவக் கல்வியில் இருந்தார்கள்; 2024இல் அது 71.4. ஒரே நாட்டில், ஒரே வயதில் இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

எண்சுவடி:

நல்ல கேள்வி, அம்மா. இரண்டு ஆய்வுகளும் கேட்பது ஒரே கேள்வியை அன்று. அசர், குழந்தை எங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, அங்கன்வாடியையும் முன்பருவ வகுப்பாகவே எண்ணுகிறது. அதன் களமும் கிராமம் மட்டுமே. குடும்ப நல ஆய்வு கேட்பது பள்ளியாண்டில் முன்பருவப் பள்ளிக்குச் சென்றதைப் பற்றி. வீட்டு வாசலில் நின்று ஒருவர் அப்படிக் கேட்கும்போது, பால்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் 'ஆம்' என்பாரா, 'பள்ளிக்கூடத்துக்கு இன்னும் போகவில்லை' என்பாரா? போதாததற்கு, பல மாநிலங்களில் ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் முன்பருவத்தில் சேர மாட்டார்கள். ஆகவே 13.6 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு நாட்டில் முன்பருவக் கல்வியே இல்லை என்று முழங்குவதும், 71.4ஐ எடுத்துக்கொண்டு எல்லாம் நிறைவேறிவிட்டது என்பதும் ஒரே வகைப் பிழை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வகுக்கும் எண். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலானவர்கள் 16.45 கோடி. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிநாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011இல் எண்ணப்பட்ட குழந்தைகள் அனைவரும் இந்நேரம் பால்வாடி வயதைத் தாண்டிவிட்டார்கள். இன்றைய குழந்தைகள் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடு மட்டுமே இருக்கும்போது, பதிவான எட்டரைக் கோடி என்பது முக்கால் பங்கா, அதற்கும் குறைவா என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. இந்த இடத்தில் நான் நொய்யல்கரை ஐயாவின் பக்கம்.

நொய்யல்கரை:

வகுக்கும் எண்ணைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் திருப்பூரில் அது அன்றாடம் கண்முன் தெரிகிறது. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் குழந்தைகள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பெயர் இன்னும் சொந்த ஊர் மையத்தில் இருக்கலாம்; சிலர் எங்குமே இல்லை. இடம் மாறியவர்களைச் செயலியில் மாற்றிக்கொள்ள வசதி உண்டு என்பதை அறிவேன். ஆனால் தமிழ் தெரியாத தாய், எந்தத் தெருவில் மையம் இருக்கிறது என்று அறியாதபோது, அந்த வசதியைக் கேட்டு யார் போவார்? கணக்கின்படி எங்கோ ஓர் ஊரில் சேர்ந்திருக்கும் அந்தக் குழந்தை, இங்கே அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காவுக்கு வயது எட்டு.

கீழவாசல் அம்மா சொன்ன மாலை ஆறு மணியும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 50க்குக் குறைந்த சிறு பட்டறைகளில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு அதில் வழியில்லை.

எண்சுவடி:

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் அளக்க முயன்றால் எதையும் அளக்க முடியாமல் போகும் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். வரையறையை அடிக்கடி மாற்றினால், சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு மேலா கீழா என்று கேட்கவே முடியாது. ஆகவே இருக்கும் வரிசையைக் கலைக்காமல் எதைச் சேர்க்கலாம் என்று டீச்சரிடமே கேட்கிறேன்.

பால்வாடி டீச்சர்:

அதிகம் வேண்டாம், ஐயா. ஏற்கெனவே நிரப்ப நிறைய இருக்கிறது. இரவு எட்டு மணிக்கும் சிக்னல் தேடி மாடியில் நின்றிருக்கிறேன். இரண்டு கட்டங்கள் போதும். இன்று இந்த மையத்தில் பணியாளர் எத்தனை மணி நேரம் இருந்தார் என்பது ஒன்று. அவர் வேறு எந்த மையத்துக்கும் பொறுப்பா என்பது மற்றொன்று. அதை நிரப்பினால் எங்கள் மேல் நடவடிக்கை வராது என்ற உறுதியும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் போடுவோம்.

நாளை செவ்வாய்க்கிழமை, நான் அந்த மையத்துக்குப் போகும் நாள். சென்ற வாரம் பாதியில் நிறுத்திய கதையை அந்த 17 பிள்ளைகளும் நினைவு வைத்துக் கேட்பார்கள்.