சூம் லென்சுக்குத் தமிழில் என்ன? (வானூர்திக் காட்சிப் படக் கையேடு, 6ஆம் அத்தியாயம்)

கையேட்டுக் குழு:

குழுவினருக்கு வணக்கம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறாம் அத்தியாயம், 'எந்த லென்ஸ் வாங்குவது', ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் சூம் லென்ஸ் வருகிற இடமெல்லாம் 'உருப்பெருக்கு வில்லை' என்று போட்டிருக்கிறார். மெய்ப்புத் திருத்தியவர் அதை அடித்துவிட்டு 'மாறுகுவிய வில்லை' என்று எழுதியிருக்கிறார். மாறாத ஒரே குவியத் தொலைவுள்ள பிரைம் லென்சுக்கும் ஜோடியாக ஒரு சொல் வேண்டும். வியாழன் மாலைக்குள் முடிவு சொல்லுங்கள். படிக்கப்போகிறவர்கள் எலகங்காவில் ஏரோ இந்தியாவுக்கும், 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்தது போன்ற விமானப்படைக் காட்சிகளுக்கும் கேமராவோடு போகிறவர்கள். இலக்கணப் பரீட்சை எழுதுகிறவர்கள் அல்ல.

வல்லூறு:

'உருப்பெருக்கு' கூடவே கூடாது. கடையில் புதியவர் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனை சூம்?' என்பதுதான். 18-300 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 17 மடங்கு. 100-400 வெறும் 4 மடங்கு. 200-600 வெறும் 3. 600 பிரைம் 1. அதிக மடங்குதான் அதிகம் பெரிதாக்கும் என்று நம்பி 18-300 வாங்கிக்கொண்டு போனால் விமானம் கொசுவாகத்தான் வரும். சூம் என்பது குறைந்த எண்ணுக்கும் கூடிய எண்ணுக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். தூரத்து விமானத்தைப் பெரிதாக்குவது அந்தக் கூடிய எண் மட்டுமே.

கணக்கு எளிது. விமானத்தின் நீளத்தை லென்சின் மி.மீ. எண்ணால் (அதுதான் குவியத் தொலைவு) பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் அளவு வரும். தேஜஸ் 13.2 மீட்டர். 500 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பறந்தால் 300 மி.மீ.யில் 7.9 மி.மீ., 400இல் 10.6, 600இல் 15.8. முழுச்சட்டக சென்சார் 36 மி.மீ. அகலம். 400இல் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 மி.மீ. அதே 400 அங்கே 45 சதவீதத்தை அடைத்துக்கொள்ளும்.

அத்தியாயத்தின் உயிரே இந்தக் கணக்குதான். அதைப் 'பெருக்கு' என்ற சொல் கெடுத்துவிடும்.

நூற்பா:

வல்லூறு சொல்லும் பொருட்குற்றம் சரி. அதற்காக 'சூம்' என்று எழுதிவிடலாம் என்பது சோம்பல். 'மாறுகுவியம்' நல்ல வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல, வல்லினம் மிகாது. மெய்ப்பில் இரண்டு இடத்தில் 'மாறுக்குவியம்' என்று பார்த்தேன், திருத்துங்கள். பிரைமுக்கு 'நிலைக்குவிய வில்லை'. நிலைக்கண்ணாடி இருக்கிறதே, அதுபோல இங்கே மிகும்.

'லென்ஸ்' என்று எழுதுவதையும் விடுங்கள். லகரம் தமிழில் மொழிமுதல் வராது. வேண்டுமென்றால் இலென்சு, னகரத்தை அடுத்துச் சகரம் மயங்கும், தடையில்லை. ஆனால் வில்லை இருக்க அது எதற்கு?

வெள்ளவத்தை:

எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில் எப்போதும் வில்லைதான். குவிவு வில்லை, குழிவு வில்லை, குவியத்தூரம் என்றே படித்தோம். உங்கள் பக்கம் குவிலென்சு, குவியத் தொலைவு. ஒரு கையேட்டுக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கிறது: 12ஆம் பக்கத்தில் தூரம், 14இல் தொலைவு. முதலில் அதைச் சரிசெய்யுங்கோ.

நூற்பா:

தூரம் வடசொல். தொலைவு என்றே இருக்கட்டும்.

வில்லை பற்றி ஒரு வார்த்தை. வில் என்றால் வளைவு. குவிவில்லையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு விற்களை நாண்பக்கம் ஒட்டிவைத்த வடிவம். அது மட்டுமல்ல, நிகண்டுகளில் வில்லுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு. வளைவும் ஒளியும் ஒரே வேரில் நிற்கின்றன. ஒளியை வளைக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலக மொழி எதிலும் இல்லை. குவியம் என்பதும் சங்க இலக்கியத்துக் 'குவவுத் தோள்' வரை போகும். குவி, குவவு, குவடு, குவியல் எல்லாம் ஓரினம்.

ஷட்டர்:

கற்பூர வில்லை எந்த ஒளியை வளைக்கிறது ஐயா? மாத்திரை வில்லை? டவாலி போட்ட சேவகன் மார்பில் குத்தியிருந்த பித்தளைத் தகடும் வில்லைதான், வில்லைச் சேவகன் என்றே பெயர். வட்டமாகத் தட்டையாக இருந்தால் வில்லை. லென்சின் பெயரும் அப்படி வந்ததுதானே. லத்தீனில் லென்ஸ் என்றால் மைசூர்ப் பருப்பு. அவர்கள் பருப்பைப் பார்த்தார்கள், நாம் கற்பூரத்தைப் பார்த்தோம். ஒளியெல்லாம் பிறகு வந்தது.

கையேட்டுக் குழு:

பருப்பைவிட்டு சூமுக்கு வருவோம். இன்று புதன்.

வல்லூறு:

மாறுகுவியத்தில் ஒரு சிக்கல். குவியம் மாறும் என்றால் போகஸ் மாறும் என்று பொருளாகிறது. சூம் வளையத்தைத் திருப்பும்போது போகஸ் நகர்ந்துவிடுகிற வேரிஃபோக்கல் வகை லென்ஸ் தனியாக இருக்கிறது. ஸ்டில் கேமரா சூம்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆறாம் அத்தியாயத்திலேயே அதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு: 200இல் போகஸ் பிடித்துவிட்டு 600க்குத் திருப்பி உடனே அழுத்தாதே, விமானத்தின் மேல் ஆட்டோபோகஸ் மறுபடி பிடிக்கட்டும். மாறுகுவியத்தை சூமுக்குக் கொடுத்துவிட்டால் இதற்கு என்ன சொல்வீர்கள்? கண்ணாடிக் கடைக்காரர் விற்கும் வேரிஃபோக்கல் மூக்குக்கண்ணாடி வேறு இருக்கிறது.

நூற்பா:

அப்படியென்றால் 'மாறுகுவியத்தொலைவு வில்லை'.

ஷட்டர்:

அதை உச்சரித்து முடிப்பதற்குள் விமானப்படையின் சூர்யகிரண் சாகச அணி தாம்பரம் போய்ச் சேர்ந்திருக்கும். 'பெரிதாக்கு', 'சிறிதாக்கு' என்று வரைபடச் செயலிகளில் எல்லோரும் பழகிவிட்டார்களே, 'பெரிதாக்கி'?

வல்லூறு:

மறுபடி அதே குற்றம். சூமின் அருமை சிறிதாக்குவதில்தான் இருக்கிறது. சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமான அணியை 60 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டரில் 200 மி.மீ. போட்டால் 24 மி.மீ. முழுச்சட்டகத்தில் நன்றாக அடங்கும். ஏபிஎஸ்-சியில் 23.5தான் இருக்கிறது, ஓரத்து விமானங்களின் இறக்கை வெட்டுப்படும். அதனால்தான் ஏபிஎஸ்-சி கேமராக்காரருக்கு 200-600ஐவிட 100-400 அல்லது 150-600 நல்லது என்று கையேடு சொல்கிறது. அணி சிதறி நாலாபக்கமும் பிரியும்போது அதுவும் போதாது. இரண்டாவது கேமராவில் 24-70 மாட்டியிருக்க வேண்டும். புகைநடுவே லென்ஸ் மாற்ற நேரம் கிடைக்காது, மெரினா மாதிரி இடத்தில் மணலும் உப்புக்காற்றும் சென்சாருக்குள் போகும்.

வெள்ளவத்தை:

அப்ப உங்களுக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, இரண்டு. எவ்வளவு தூரத்தைப் பிடிக்கும் என்பதற்கு ஒன்று, எங்கிருந்து எங்குவரை போகும் என்பதற்கு ஒன்று. முதலாவதுக்கு எங்கட ஊர்ச் சொல் இருக்கு: எட்டம். 'எட்டத்தில நிக்கிறான்' என்றால் தூரத்தில் நிற்கிறான். 'இந்த வில்லைக்கு எட்டம் 600, அதுக்கு எட்டம் 300' என்று சொல்லிப் பாருங்கோ. எட்டும், எட்டாது என்று தமிழ்நாட்டிலும் விளங்கும்.

இரண்டாவதுக்கு வீச்சு. 100-400 வீச்சு, 200-600 வீச்சு. சூம் லென்ஸ் என்பது வீச்சு வில்லை.

நூற்பா:

எட்டம் அருமை. எழுவாயாகவும் நிற்கும், வேற்றுமையும் ஏற்கும். எட்டத்தை, எட்டத்தால், எட்டமின்மை. ஏற்கிறேன்.

வீச்சு வேண்டாம். இயற்பியலில் அலைவீச்சு இருக்கிறது. ஏவுகணை வீச்சு என்று நாளிதழ்கள் எழுதுவது நீங்கள் எட்டத்துக்குச் சொல்கிற அதே பொருளில். வான்காட்சிக் கையேட்டில் 'வீச்சு 600' என்று வந்தால் ராக்கெட் என்றே நினைப்பார்கள்.

ஷட்டர்:

அரிவாள் என்றும் நினைக்கலாம்.

நூற்பா:

சரி, 'நெகிழ்குவிய வில்லை' எப்படி? நெகிழ்தல் தளர்தலும் விரிதலும். குழாய் நீள்வதற்கும் பொருந்தும்.

வல்லூறு:

நீளாத சூம்களும் உண்டு. சோனி 200-600, நிகான் இசட் 180-600 இரண்டும் உள்ளுக்குள்ளேயே சூம் ஆகும், வெளிநீளம் மாறாது. வான்காட்சிக்கு அது பெரிய வசதி; சமநிலை மாறாது, கையில் பிடித்து விமானத்தோடு சுழலும்போது மூக்கு கனக்காது. நிகான் 200-500, சிக்மா, டாம்ரான் 150-600 போன்றவை வெளியே நீளுபவை. தோளில் கீழ்நோக்கித் தொங்கினால் தன் எடையிலேயே குழாய் நழுவி இறங்கும். தலைக்கு மேல் பறப்பதை அண்ணாந்து எடுத்தால் எதிர்ப்பக்கம், 600இலிருந்து 500க்கு அதுவாகவே பின்னால் சரியும். நடக்கும்போது பூட்டுப் பொத்தானைப் போட வேண்டும், எடுக்கும்போது சூம் வளையத்தில் இடதுகை இருக்க வேண்டும்.

நெகிழ்குவியத்திலும் குவியம்தான் நெகிழ்கிறது. மாறுகுவியத்துக்குச் சொன்ன தடை இதற்கும் உண்டு.

கையேட்டுக் குழு:

வியாழன் காலை ஆகிவிட்டது. பிரைமுக்கு நிலைக்குவிய வில்லை என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லையா?

ஷட்டர்:

மறுப்பில்லை, ஆனால் அந்தப் பகுதி அரைப்பக்கம்தான். 400 எஃப் 5.6 பிரைம் எடை குறைவு, கூர்மை, ஆனால் ஒன்பது விமான அணி அதில் அடங்காது. 600 எஃப் 4 விலையைக் கேட்டாலே பக்கம் முடிந்துவிடும். சண்டை முழுவதும் சூமில்தான்.

என் வாக்கு 'சூம் லென்ஸ்'. பெட்டியில் அதுதான் இருக்கும், கடைக்காரர் அதைத்தான் எடுத்துத் தருவார். நூற்பா ஐயாவுக்கு ஆறுதலாக: சூகாரம் மொழிமுதல் வரும், மகரம் ஈற்றில் வரும். ஓர் இலக்கணத் தடையும் இல்லை.

நூற்பா:

தடை இல்லாததாலேயே சொல் ஆகிவிடாது. சூம்புதல் என்றால் வற்றுதல், மெலிதல். கைகால் சூம்பிப்போவது என்பார்கள். படத்தைப் பெரிதாக்க வாங்கும் பொருளுக்குச் சூம்பலின் வேரைச் சூட்டுகிறீர்கள்.

வெள்ளவத்தை:

சொல்லைப்பற்றி நான் அலுத்துவிட்டேன். சூம் என்றே போடுங்கோ. எட்டத்தை விடவேண்டாம். வேறு ஒன்று: ஹெலிகாப்டர் பத்தியில் 'அதிவேக ஷட்டர் வைக்கவும்' என்று இருக்கிறது. அது சரியா?

வல்லூறு:

சரியில்லை, நல்லவேளை பார்த்தீர்கள். அது ஜெட்டுக்கு: 1/1000 முதல் 1/2000 நொடி வரை. சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டருக்கும் உந்துவிசிறி விமானங்களுக்கும் அதை வைத்தால் விசிறி உறைந்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல வரும். இந்த அளவு ஹெலிகாப்டரின் மேல்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று, அதாவது நொடிக்கு 1,800 பாகை. 1/1000இல் அலகு 2 பாகைகூட நகராது. 1/125இல் 14 பாகை, 1/60இல் 30 பாகை. 1/125இல் தொடங்கி, கை பழகியபின் 1/60க்கு இறங்கலாம். பத்தில் ஏழெட்டு நடுங்கிப் பாழாகும் என்று எழுதிவிடுங்கள், தொடர்படமாக எடுப்பார்கள். லென்சின் நடுக்கத்தடுப்பைக் கிடைத்திசை அசைவை விட்டுவிடும் இரண்டாம் நிலையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் நிலையில் அது கேமராவின் சுழற்சியோடு மல்லுக்கட்டும்.

லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் டெலிகன்வர்ட்டர் பத்தியிலும் ஒரு வரி சேருங்கள். 1.4 மடங்கு போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி போகும், எஃப் 6.3 எஃப் 9 ஆகும். எட்டம் கூடும், ஆட்டோபோகஸ் தடுமாறும். ஓடுபாதையில் கானல் ஆடும் மதிய நேரத்தில் எட்டத்தைக் கூட்டினால் கானல்தான் பெரிதாகத் தெரியும், விமானம் அல்ல.

கையேட்டுக் குழு:

எண்ணிப் பார்த்ததில் சூம் லென்சுக்கு மூன்று, நெகிழ்குவிய வில்லைக்கு ஒன்று. அட்டவணையிலும் உடற்பகுதியிலும் 'சூம் லென்ஸ்'. 'எட்டம்' ஏற்கப்பட்டது, முதல் பக்கத்தில் வரையறையோடு வரும். பிரைமுக்கு நிலைக்குவிய லென்ஸ். குவியத் தொலைவு என்று எல்லா இடத்திலும் மாற்றியாயிற்று.

நூற்பா:

'நிலைக்குவிய லென்ஸ்' என்பது பாதித் தமிழ், பாதி வேறு. வில்லை என்று கேட்டேன், மறுப்பில்லை என்றீர்கள், இப்போது லென்ஸ் ஆகிவிட்டது. கலைச்சொல் பட்டியலில் என் மாற்றுக்கருத்தை அடிக்குறிப்பாகச் சேர்க்கவேண்டும்: நெகிழ்குவிய வில்லை, நிலைக்குவிய வில்லை, இரண்டையும்.

கையேட்டுக் குழு:

சேர்த்தாயிற்று ஐயா. எட்டு புள்ளி எழுத்தில் வரும்.

வல்லூறு:

அட்டவணையில் எட்டத்தின் பக்கத்தில் சென்சார் அளவுக்கு ஒரு நெடுவரிசை விடுங்கள். 400 என்று மட்டும் போட்டால் ஏபிஎஸ்-சிக்கா முழுச்சட்டகத்துக்கா என்று தெரியாமல் தவறாக வாங்குவார்கள்.