புதுப்பிப்பு: அப்பாவின் ராலே சைக்கிள் உருள ஆரம்பித்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மீண்டும் நான். அப்பா பால்மரம் வெட்டப் (ரப்பர் பால் எடுக்க) போய்வந்த பழைய ராலே சைக்கிளின் சட்டத்தில், புதிய மிதியச்சுக் கிண்ணம் (மிதிகள் சுழலும் அச்சைத் தாங்க, சட்டத்தில் திருகி ஏற்றும் கிண்ணம்) இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் கால ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை (திருகுப் புரி). நான் வாங்கியதோ வழக்கமான 24. நல்லவேளை, சுத்தியலை எடுக்கவில்லை.

பழைய கிண்ணங்களையே மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். குழி விழவில்லை. பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குல பேரிங் குண்டுகள் மட்டும் புதிது. மிதித்தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்தான் கழற்ற வராமல் மூன்று நாள் உயிரை வாங்கியது.

பின்சக்கரம் பழைய இரும்புக் கடையில் 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த வேறொரு சைக்கிளுடையது. அம்மாவுக்கு அதன் நிறம் பிடிக்கவில்லை. நேற்று செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டினேன். கறகறப்பு இல்லை. செயின் உறை மட்டும் இன்னும் அகப்படவில்லை.