‘சிக்’ என்ற சொல்: பிரிட்டனில் இருக்கும் செவிலியர்களிடம் ஓர் உதவி

வணக்கம். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ‘சிக்’ என்ற சொல்லுக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பு சரியில்லாத என்ற பொருளோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அங்கே ஒருவர் ‘ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்’ என்றால், பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். வாந்தியையே ‘சிக்’ என்றும் சொல்வார்கள். மாத்திரை கொடுத்த பிறகு நோயாளி இதைச் சொன்னால், மாத்திரை வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சரியாகப் புரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம். ‘ஆஃப் சிக்’ என்றால் உடம்பு முடியாமல் லீவில் இருப்பது. அப்புறம், இளைஞர்கள் ‘தட்ஸ் சிக்’ என்றால் பிரமாதம் என்கிறார்கள்! இந்தக் கொச்சை வழக்கு 1980களிலிருந்தே இருக்கிறது. இப்போது அகராதிகளிலும் ஏறிவிட்டது.

வார்டில் நீங்கள் காதால் கேட்ட வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். எந்த ஊர், சொன்னவருக்கு ஏறக்குறைய என்ன வயது என்பதும் வேண்டும்; நோயாளி பெயர் வேண்டாம். குழந்தைகள் வார்டிலும் ஸ்காட்லாந்திலும் வேலை பார்ப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள். குமட்டலுக்கு அங்கே வேறு என்னென்ன சொல்கிறார்கள்?