மதிய இடைவேளையில் மேடேறி ஓடச் சேலத்தில் நல்ல வழி எது?

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பணிமாற்றலாகிச் சேலத்துக்கு வந்திருக்கிறேன். அலுவலகம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காலையும் மாலையும் வீட்டுப் பொறுப்புகளுக்குப் போய்விடுவதால், பயிற்சிக்குக் கிடைப்பது மதிய உணவு இடைவேளை மட்டுமே.

இப்போதைக்குக் கோரிமேடு வழியாக அடிவாரம் செல்லும் சாலையில் கொஞ்ச தூரம் ஓடித் திரும்புகிறேன். ஏறுவதே தெரியாமல் ஏறுகிற சாலை அது. பேருந்தில் போகும்போது சமதளமாகத் தோன்றிய இடங்களில், ஓடும்போது கெண்டைக்கால் இறுகிப் போகிறது. ஆயினும் மலைக்கு இந்த ஏற்றம் போதாது. வண்டிகளும் உரசிக்கொண்டு போகின்றன.

கன்னங்குறிச்சி, மூக்கனேரிப் பக்கத் தெருக்கள் எனக்குப் புதியவை. அங்கே செங்குத்தான, மர நிழலுள்ள, குறிப்பாக நாய்த் தொல்லை குறைந்த சாலைகள் உண்டா? கைபேசி வரைபடமோ முட்டுச்சந்தையும் வழி என்றே காட்டுகிறது. அம்மாபேட்டை குமரகிரி வரை வண்டியில் சென்று, அங்கே மலையேறி இறங்கலாமா என்றும் யோசிக்கிறேன். மலைமேல் உள்ள முருகன் கோயிலின் நடை சாத்தியிருக்கும் நண்பகலில் மேலே செல்ல விடுவார்களா, குடிநீர் கிடைக்குமா என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஓடும் எண்ணம் இல்லை. மார்கழி, தை மாதங்களுக்கு மட்டுமே கேட்கிறேன். ஆகவே, ‘மதியத்தில் ஓடாதீர்கள்’ என்ற அறிவுரையைத் தவிர்த்து, வழி தெரிந்தவர்கள் தெருப்பெயருடன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். உடன் ஓட வருபவர் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.